சிறு விமானத்தின் மூக்குச் சக்கரம் நடுங்கினால்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பினாங்கைச் சேர்ந்த விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விமானம் என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது ஊருக்குப் போகிற பெரிய விமானம்தான். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு உறவினரை வழியனுப்ப வருகிறவர்கள், அதே ஓடுபாதையில் ஒரு சின்ன விமானம் தும்பி போல எழும்பிப் போவதைப் பார்த்து, "இதிலும் ஆள் ஏறுவார்களா?" என்று கேட்பதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். ஏறுவார்கள். செஸ்னா 172 என்ற வகையில் நான்கு பேர் உட்காரலாம். முழுச் சுமையோடு அதன் எடை ஏறக்குறைய 1,100 கிலோ, ஒரு சிறிய காரின் எடைதான். 1956-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்த வகை இதுவரை 44,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகில் வேறு எந்த விமானமும் அத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

அப்படிப்பட்ட சிறு விமானத்தின் மூக்குச் சக்கரத்தைப் பற்றி, அதில் வரும் கோளாறுகளை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். "ஒரு சக்கரத்துக்கு ஒரு நிகழ்ச்சியா?" என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள். சிரிக்கட்டும். பினாங்கு விமான நிலையத்துக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. நீளம் 3,352 மீட்டர். அதன் நடுவில் ஒரு சின்ன விமானத்தின் மூக்குச் சக்கரம் முறிந்து, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றுவிட்டால், அதை அப்புறப்படுத்தும் வரை பெரிய விமானம் எதுவும் இறங்க முடியாது, ஏற முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் சரக்கும் காத்திருக்க வேண்டும், கோலாலம்பூரில் மருத்துவரைப் பார்க்கப் போகிற பாட்டியும் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிற விமானியின் உயிரும் இருக்கிறது, அதை நான் சொல்லத் தேவையில்லை.

முற்காலத்து விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூக்குச் சக்கரமே கிடையாது. 1932-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மோத் விமானம் முன்னால் இரண்டு சக்கரத்தில் நின்று, வாலைத் தரையில் ஊன்றிக்கொள்ளும். அந்த மாதிரி விமானத்தில் விமானிக்கு நேர் எதிரே பாதை தெரியாது. இறங்கிய பிறகு கொஞ்சம் அசந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் வால் சக்கரத்தை எடுத்துவிட்டு மூக்கில் ஒரு சக்கரம் வைத்தார்கள். செஸ்னா 172 என்பதே, வால் சக்கரம் கொண்ட செஸ்னா 170 விமானத்துக்கு மூக்குச் சக்கரம் மாட்டிய வடிவம்தான். ஓட்டுவது சுலபமாகிவிட்டது. ஆனால் சுலபமானதால் ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. எப்படி இறங்கினாலும் மூக்குச் சக்கரம் தாங்கிக்கொள்ளும் என்று சிலர் நினைக்கத் தொடங்கினார்கள்.

அது தாங்காது, நேயர்களே. எடையைத் தாங்குவதற்கு இருப்பவை பின்னால் உள்ள இரண்டு முதன்மைச் சக்கரங்கள். மூக்குச் சக்கரத்தின் வேலை தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது, மூக்கைத் தூக்கிப் பிடித்திருப்பது. அதற்கு மேல் நூலிடையில்தான் உந்துவிசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. மூக்குச் சக்கர விமானத்தில் தரைக்கும் விசிறியின் முனைக்கும் இடையே குறைந்தது 7 அங்குல இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க வடிவமைப்பு விதி 2017 வரை சொன்னது. ஏழு அங்குலம் என்பது என் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

இனி கோளாறுக்கு வருகிறேன். அதிகமாக வருகிற புகார் நடுக்கம். எங்கள் தொழிலில் 'ஷிம்மி' என்போம். பேரங்காடியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். முன் சக்கரங்களில் ஒன்று மட்டும் படபடவென்று இடமும் வலமும் அடித்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அதேதான். ஆனால் இங்கே மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக்கொள்ளும். கால்மிதிகள் உதறும், கருவிகள் இருக்கும் பலகை முழுதும் நடுங்கும். முதன்முதலில் அனுபவிக்கிறவர் விமானம் கழன்றுவிடப் போகிறது என்றே நினைப்பார்.

இந்த நடுக்கத்தை அடக்குவதற்கென்று ஒரு சிறு உருளை இருக்கிறது. 'ஷிம்மி டேம்பர்' என்று பெயர். உள்ளே எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன். சக்கரம் மெதுவாகத் திரும்பினால் எண்ணெய் சிறு துவாரம் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வழிவிடும். சட்டென்று அடித்தால் எண்ணெய் அவ்வளவு வேகமாகப் போக முடியாது, தடுத்துவிடும். ஆகவே நடுக்கம் வந்ததும் எல்லோரும் டேம்பரைத்தான் குற்றம் சொல்வார்கள். எண்ணெய் ஒழுகிப் போயிருந்தால், உள்ளே காற்று புகுந்திருந்தால் அது நியாயமான குற்றச்சாட்டு. பல சமயம் டேம்பர் நிரபராதி.

நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பயிற்சி விமானம் ஒன்று நடுங்குவதாகப் புகார் எழுதியிருந்தார்கள். டேம்பரைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் அமைதி. பிறகு மறுபடியும் நடுக்கம். அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்.

மூக்கைத் தூக்கி நிறுத்திவிட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்ச்சி எங்கே இருக்கிறது என்று கை சொல்லும். தண்டின் மேல்பாகத்தையும் சக்கரம் இருக்கும் கீழ்ப்பாகத்தையும் கத்தரிக்கோல் வடிவத்தில் இரண்டு கைகள் இணைக்கின்றன. 'டார்க் லிங்க்' என்பது அதன் பெயர். சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சுற்றாமல் நேராக வைத்திருப்பது அதுதான். அதன் மூட்டுகளில் உள்ள புஷ்கள் தேய்ந்துவிட்டால் தளர்ச்சி வரும். புஷ்களை மாற்றி, மெல்லிய வளையத் தகடுகள் போட்டு இறுக்க வேண்டும். சக்கரத்தின் தாங்கு உருளைகள் தளர்ந்திருக்கலாம். திருப்புக் கம்பிகளின் முனைகள் தேய்ந்திருக்கலாம். டயர் சமநிலை இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று, தனியார் விமானங்களில் அதிகம். மாதத்துக்கு ஒருமுறைதான் ஓட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் ஒரே இடத்தில் நிற்கும். டயரில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகிவிடும். அழகுக்காகச் சக்கரத்துக்கு மூடி போட்டிருப்பவர்கள் அந்த மூடிக்குள் சேறு அடைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இல்லை.

நான் சொன்ன அந்தப் பயிற்சி விமானத்தில் புஷ்கள் தேய்ந்திருந்தன. மாற்றினேன், டயரைச் சமன்படுத்தினேன். நடுக்கம் நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கதை முடியவில்லை, பிறகு வருகிறேன்.

இரண்டாவது புகார், மூக்கு தாழ்ந்து நிற்பது. காலையில் வந்து பார்த்தால் விமானம் தலை குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். தண்டு என்பது நம் மோட்டார் சைக்கிள் முன்கம்பி போன்ற ஒரு ஷாக் அப்சார்பர். கீழே சிவப்பு நிற ஹைட்ராலிக் எண்ணெய், மேலே அழுத்தப்பட்ட காற்று அல்லது நைட்ரஜன். எண்ணெய் அதிர்ச்சியை விழுங்குகிறது, காற்று ஸ்பிரிங் போல எடையைத் தாங்குகிறது. இரண்டுக்கும் காவல், சில வெள்ளி பெறுமான ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள்.

இங்கே பாயான் லெப்பாசின் கடற்காற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. விமான நிலையம் கடலை ஒட்டி இருக்கிறது. தண்டின் பளபளப்பான குரோமியப் பகுதியில் உப்பும் தூசியும் படிகின்றன. துடைக்காமல் விட்டால் சின்னச் சின்னக் குழிகளாகத் துரு பிடிக்கும். தண்டு மேலும் கீழும் போகும்போது அந்தக் குழிகள் அரம் போல ரப்பர் வளையத்தை அறுக்கும். எண்ணெய் கசியும். ஒவ்வொரு முறை பறந்து முடித்த பிறகும் சுத்தமான துணியில் அதே ஹைட்ராலிக் எண்ணெயைத் தொட்டு அந்தப் பளபளப்பான பகுதியைத் துடைப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்கிற உரிமையாளர் பத்துப் பேரில் இரண்டு பேர் இருந்தால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

மூக்கு தாழ்ந்ததும் பலர் செய்வது என்ன? காற்றை மட்டும் அடித்து நிமிர்த்திவிடுவார்கள். பார்வைக்குச் சரியாகிவிடும். உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறதே, அது யாருக்குத் தெரியும்? அடுத்த முறை கொஞ்சம் பலமாக இறங்கினால் அதிர்ச்சியை விழுங்க எண்ணெய் இல்லை. இரும்பு இரும்பின்மேல் மோதும், அந்த அடி நேராக விமானத்தின் உடலுக்குப் போகும். அளவுக்கு மேல் அடித்தாலும் தொல்லைதான். செஸ்னாவில் தண்டு முழுதும் நீண்டால், வானத்தில் இருக்கும்போது சக்கரம் நேராக நிற்பதற்காக ஒரு பூட்டு விழும். அதிகக் காற்று அடித்த விமானத்தில் தரையிலேயே அந்தப் பூட்டு விழுந்து, கால்மிதியை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் திரும்ப மறுக்கும்.

சரியான முறை இது. முதலில் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பிறகு வால்வைக் கழற்றி, தண்டை அடி வரை அமுக்கி, அந்த நிலையில் எண்ணெயைத் துவாரத்தின் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். வால்வை மாட்டி, மூக்குச் சக்கரம் தரையில் படாதபடி தூக்கிவைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றோ நைட்ரஜனோ ஏற்ற வேண்டும். செஸ்னா 172-இல் அது சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு. உங்கள் விமானத்தின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அந்த எண்தான் சரி, நான் சொன்னது அல்ல.

அழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும் என்றேனே, அதை இன்னொரு முறை சொல்கிறேன். அழுத்தம் இருக்கும்போது டார்க் லிங்க்கைக் கழற்றினால், கீழ்ப்பாகம் சக்கரத்தோடு சேர்ந்து பீரங்கிக் குண்டு போல வெளியே பாயும். முகத்தைக் கீழே வைத்து வேலை செய்கிறவர் கதி என்ன? வீட்டில் ஸ்பேனர் இருக்கிறது, காணொளியில் பார்த்தேன் என்று உரிமையாளர் கை வைக்கிற இடம் இது அல்ல. உரிமம் பெற்ற பொறியாளர் செய்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டிய வேலை. அந்த உரிமங்களை 2018-இலிருந்து மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கவனிக்கிறது.

மூக்கைத் தூக்குவதிலும் ஒரு தவறு நடக்கிறது. வாலை அமுக்கினால் மூக்கு எழும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைக்கு வசதியாக இருக்கிறது என்று வாலின் படுக்கைச் சிறகை அமுக்குவார்கள். அது மெல்லிய தகடு, உள்ளே உள்ள சட்டத்தில் விரிசல் விழும். அமுக்க வேண்டிய இடம் அதற்குச் சற்று முன்னால் உள்ள உடல்பகுதி. அதுபோல இழுகம்பியை மாட்டி விமானத்தை நகர்த்தும்போது, செஸ்னா 172-இன் மூக்குச் சக்கரத்தை இரு பக்கமும் 30 பாகைக்கு மேல் திருப்பக்கூடாது. இட நெருக்கடியான கொட்டகையில், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திருப்பித் தடுப்பு முளைகளை ஒடித்தவர்கள் உண்டு. இழுகம்பியைக் கழற்ற மறந்து இயந்திரத்தை முடுக்கியவர்களும் உண்டு. அந்தச் செலவைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.

விசிறி எதிலாவது அடிபட்டால், விசிறியை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அடி, சுழல்தண்டின் மறுமுனை வரை போயிருக்கும். 2004-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் லைக்கோமிங் இயந்திரங்களுக்கு ஒரு கட்டாய ஆணையே பிறப்பித்தது. விசிறி அடிபட்டால், பின்பக்கத்தில் சுழல்தண்டுக் கியர் இணைந்திருக்கும் இடத்தைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கார்க்காரர்கள் பம்பரை மாற்றிவிட்டு ஓட்டுவது போல இங்கே ஓட்ட முடியாது.

இதுவரை சொன்னது மடங்காத சக்கரம். மடங்குகிற சக்கரம் உள்ள சிறு விமானங்களும் இருக்கின்றன. பைப்பர் ஏரோ அவற்றில் ஒன்று. இறங்குவதற்கு முன் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். மூக்கின் விளக்கு எரியவில்லை என்றால் விமானிக்கு வியர்க்கும். இதில் ஒரு வேடிக்கை. அந்த விமானத்தில் இரவு விளக்குகளின் சுவிட்சைப் போட்டிருந்தால், கண் கூசாமல் இருக்க இந்தப் பச்சை விளக்குகள் தாமாகவே மங்கிவிடும். பட்டப்பகலில் சுவிட்சை அணைக்க மறந்தவர், விளக்கு எரியவில்லை என்று பதறுவார். சுவிட்சைப் பார்க்க வேண்டும். பிறகு எரிகிற இன்னொரு பல்பைக் கழற்றி இங்கே மாற்றிப் பார்க்க வேண்டும்.

பல்புதானே என்று இலேசாக எண்ணாதீர்கள். 1972 டிசம்பர் 29-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மயாமி நகரை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் விளக்கு எரியவில்லை. விமானியறையில் இருந்த அனைவரும் அந்த விளக்கையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உயரத்தைப் பிடித்திருந்த தானியங்கிக் கருவி அந்த நிலையிலிருந்து விலகியதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்பு கருகியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே நான் விமானிகளுக்குச் சொல்வது, ஒருவர் விளக்கைப் பார்த்தால் இன்னொருவர் விமானத்தை ஓட்ட வேண்டும்; தனியாக இருந்தால் முதலில் விமானத்தை ஓட்டுங்கள், பல்பு காத்திருக்கட்டும்.

உண்மையிலேயே சக்கரம் கெட்டும் நல்லபடி இறங்கியவர்கள் உண்டு. 2005 செப்டம்பர் 21-ஆம் தேதி ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம், மூக்குச் சக்கரங்கள் 90 பாகை பக்கவாட்டில் திரும்பிய நிலையில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. எரிபொருளைக் குறைப்பதற்காக மணிக்கணக்கில் வட்டமிட்டார்கள். பயணிகள் தங்கள் இருக்கைத் தொலைக்காட்சியிலேயே தங்கள் விமானத்தைப் பற்றிய நேரடிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானி முதன்மைச் சக்கரங்களில் இறங்கி, மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடித்து, கடைசியில் பூப்போல வைத்தார். டயர்கள் எரிந்தன, 146 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்திருக்க வேண்டிய உலோக முளைகள் களைத்து முறிந்திருந்தன. பெரிய விமானமோ சிறிய விமானமோ, சக்கரத்தை நேராக வைத்திருக்கும் உறுப்புதான் கவனம் கேட்கிறது.

அந்த விமானி செய்ததைத்தான் சிறு விமானத்திலும் செய்ய வேண்டும். முதன்மைச் சக்கரம் முதலில், மூக்கு கடைசியில். ஓடும்போது நடுக்கம் தொடங்கினால், கைப்பிடியை உங்கள் பக்கம் இழுங்கள். மூக்கின்மேல் பாரம் குறையும். வேகத்தைக் குறையுங்கள். வேகமாக வந்து, இறங்கினால் போதும் என்று மூக்கை அழுத்தினால் விமானம் துள்ளும். துள்ளியதும் மறுபடி அழுத்தினால் இன்னும் உயரமாகத் துள்ளும். இரண்டு, மூன்று துள்ளலுக்குள் மூக்குச் சக்கரம் போய்விடும். முதல் துள்ளலிலேயே முழு விசை கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்து இறங்குவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

இப்போது அந்தப் பயிற்சி விமானத்துக்கு வருகிறேன். நடுக்கம் நின்று சில வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் கால்மிதி இறுக்கமாக இருக்கிறது என்றார்கள். இயந்திர மூடியைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தேன். இயந்திரத்துக்கும் விமானி அறைக்கும் நடுவே தீத்தடுப்புத் தகடு ஒன்று உண்டு; செஸ்னாவில் மூக்குச் சக்கரத்தின் தண்டு அதோடு சேர்த்துத்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதன் அடிப்பகுதியில் துணியைக் கசக்கியது போல ஒரு சுருக்கம். பக்கத்தில் இரண்டு ஆணிகளைச் சுற்றிக் கறுப்புப் பொடி புகை போலப் படிந்திருந்தது. ஆணி தளர்ந்து உலோகம் உரசினால்தான் அந்தப் பொடி வரும். எவரோ மூக்கால் பலமாக இறங்கியிருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.

அன்று மாலை ஒரு பையன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். இருபது வயது இருக்கும். "அண்ணே, அது நான்தான்" என்றான். தனியாகப் பறக்கத் தொடங்கிய புதிதில், வேறோர் ஊரில் இறங்கும்போது மூன்று முறை துள்ளியிருக்கிறது. வெளியே இறங்கிப் பார்த்தானாம், எல்லாம் சரியாகத் தெரிந்ததாம். அப்பா டாக்சி ஓட்டுகிறவர், கடன் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார். செலவை நம் தலையில் கட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை மாணவர்கள் அதே விமானத்தில் ஏறி, அதே சக்கரத்தில் இறங்கினார்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

"ஏன் தம்பி முன்னாடியே சொல்லலே?" என்று கேட்டேன். "நீங்க டேம்பர் மாத்தும்போது பக்கத்துலதான் நின்னேன். நீங்க கேக்கலேண்ணே" என்றான்.

கேட்கவில்லைதான். நடுக்கம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன், எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அதன் பிறகு என் கொட்டகையில் வழக்கம் மாறியது. மூக்குச் சக்கரப் புகார் வந்தால் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கடைசியாக ஓட்டிய நாலைந்து பேரை அழைத்து உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவேன். முதலாளிகளிடமும் ஒரு வாக்குறுதி வாங்கினேன்: பலமாக இறங்கியதை அன்றே வந்து சொல்கிற மாணவனிடம் பழுதுச் செலவைக் கேட்பதில்லை. முணுமுணுத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த விமானத்தின் இயந்திரத்தைக் கழற்றி, தகட்டை மாற்றி, ஆணிகளை அடித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. பையன் தன் பயிற்சி இல்லாத நாட்களில் வந்து எனக்கு விளக்குப் பிடித்தான். மறுபடி அது ஓடுபாதைக்குப் போன அன்று, இறங்கி ஓடுகிற சக்கரத்தை நாங்கள் இருவரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடவில்லை.

நேரமாகிவிட்டது என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார்.